விருந்தாளி கையில் சாவி இருக்காது

வேலா,

நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியைத் தின்றுவிட்டுப் பக்கத்து அறையில் மல்லாந்து கிடக்கிறாய். குறட்டை இங்கே வரைக்கும் கேட்கிறது. சௌக்கியம்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்பாய். வாயால் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்கிறாய். நடுவில் "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்கிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி உன் கையில் கொடுக்கப் போவதுமில்லை, நம் பர்மாச் சனங்கள் நடத்தும் மாதப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நீ ஊரறியப் பேனர் வைத்தாய், நான் ஊரறியப் பதில் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

பேனரிலிருந்தே தொடங்குகிறேன். அம்பத்தூரில் உங்கள் கூட்டம் நடந்த மண்டபத்து வாசலில் ஆளுயரத்துக்கு ஒன்று கட்டியிருந்தாய். அதில் என் போட்டோ. தேனுவின் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றபோது எடுத்தது. கீழே 'எங்கள் தாய் தன் மண்ணுக்குத் திரும்புகிறாள்' என்று சிவப்பில் எழுத்து. எந்தத் தாயைக் கேட்டுப் போட்டாய்? கீழ்வீட்டு அம்மா பால் வாங்கப் போனவள் பார்த்துவிட்டு வந்து, கள்ளிக்குப்பம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். "இன்னா ஆயா, பேனர்லலாம் வந்துகினுகீறே! எலெக்சன்ல நிக்கிறியா? ஜெயிச்சா எங்க தெருவுக்கு ஒரு லைட்டு போட்டுக் குடு" என்று மாடிப்படியில் நின்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. செத்தவர்களுக்குத்தான் கேட்காமல் பேனர் வைப்பார்கள். உன் பேனரில் மாலை மட்டும்தான் குறை.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருந்தது மணிப்பூரில், பர்மா எல்லையை ஒட்டிய மோரே என்கிற ஊரில். அங்கே மலைச் சனத்துக்கும் பள்ளத்தாக்குச் சனத்துக்கும் மூண்ட கலவரத்தில் வீட்டையும் கடையையும் விட்டுவிட்டு இங்கே வந்தோம். இப்போது மலைச் சனம் தங்களுக்குத் தனி நிர்வாகம் வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்தியாவுக்குள்ளேயே இருக்கும், ஆனால் தனிச் சட்டசபை, தனிப் போலீஸ், நிலத்துக்குத் தனிச் சட்டம். என் மருமகள் கிம் அந்தச் சனத்துப் பெண். என் மகன் தமிழன், இருந்தாலும் அந்தக் கோரிக்கைக்கு இந்த ஊரில் கூட்டம் நடத்துகிறவன். தனி நிர்வாகம் வந்தால் மோரேயில் தமிழர் பிரதிநிதியாக ஒரு நாற்காலி தருவதாக யாரோ இவனிடம் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலி வருகிறபோது நாம் ஊரில் இருக்க வேண்டும் என்று அடுத்த மாதமே கிளம்புகிறான். கூடவே கிம், கூடவே என் பேத்தி தேன்மொழி. நான் எழுதுவது அந்த நாற்காலியைப் பற்றி அல்ல. அவர்கள் கேட்பது நியாயமா இல்லையா என்றும் நான் சொல்லப் போவதில்லை. எரிந்த வீட்டுக்காரன் தனியாக இருக்க ஆசைப்படுவான், அது எனக்கும் தெரியும். நான் எழுதுவது தேனுவைப் பற்றி.

வேலா, நம் ஊர், நம் ஊர் என்று மைக்கில் மார்தட்டுகிறாயே, அது எப்படி நம் ஊர் ஆனது என்று உனக்குத் தெரியுமா? நான் ரங்கூனில் பிறந்தவள். எங்கள் தெருவில் பர்மாக்காரர்கள் எங்களை விருந்தாளிகள் என்றுதான் சொல்வார்கள். நல்ல சனங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரு நாள் விருந்து முடிந்தது என்று சொல்லி, காதில் கிடந்த தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கப்பல் ஏறச் சொன்னார்கள். என் படிப்பு அந்தக் கப்பலோடு போயிற்று. இங்கே மெட்ராஸில் இறங்கினால் அகதி என்றார்கள். முகாமில் இருக்கப் பிடிக்காமல் உன் தாத்தா, பர்மாவுக்கே திரும்பிப் போகிறேன் என்று எங்களை இழுத்துக்கொண்டு வடக்கே போனார். எல்லையில் துப்பாக்கியைக் காட்டித் திருப்பினார்கள். திரும்பி நடக்கக் காலில் தெம்பில்லாமல் அவர் உட்கார்ந்த இடம்தான் மோரே. உன் சொந்த மண் என்பது உன் தாத்தா களைத்துப்போய் உட்கார்ந்த இடம், அவ்வளவுதான். அங்கேயும் எங்களை விருந்தாளிகள் என்றுதான் சொன்னார்கள். அந்த வார்த்தையை எங்கே கேட்டாலும் என் கை தானாகக் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்க்கும்.

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்த உன் அப்பா உனக்கு வேலன் என்று பெயர் வைத்தார். நீ பெயருக்குத் தகுந்தபடி மலைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாய். "முருகன் ஒருத்தன் பண்ணது பத்தாதா, நீயுமா?" என்று உன் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிம்மை நான் மருமகளாக ஏற்றுக்கொள்ள எனக்குத் தேனு பிறக்க வேண்டியிருந்தது. கிம்முடைய அம்மா, என் சம்பந்தி, சந்தையில் மூங்கில் குருத்தும் மிளகாயும் விற்கிறவள். எங்கள் வீட்டுக்கு வந்தால் முன்பக்கக் கேட் வழியாக அவள் வந்ததே இல்லை. கடை வழியாக வருவாள், மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்காருவாள், மகளைப் பார்ப்பாள், கடை வழியாகவே போய்விடுவாள். கடை வழியாக வா என்று நான் சொன்னதில்லை. முன்பக்கம் வா என்றும் சொன்னதில்லை. அவளும் நானும் பேசியது சந்தை மொழியில், அதாவது பள்ளத்தாக்குக்காரர்கள் மொழியில். அவளுக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். சம்பந்தி. அதை மட்டும் அழகாகச் சொல்வாள்.

கலவரம் வந்தபோது நீ குவஹாத்தியில் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தாய். இது உன் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு அங்கே இருந்தவன் மாதிரி நீ மேடையில் பேசுகிறாயே, அது குற்றம். அந்த நாட்களில் எங்கள் தெருவில் எல்லாரும் சுவரில் எழுதினார்கள். முஸ்லிம் வீட்டார் முஸ்லிம் என்று எழுதினார்கள், நேபாளி வீட்டார் நேபாளி என்று எழுதினார்கள். நான் கடையிலிருந்த நீலப் பெயிண்டை எடுத்து, காம்பவுண்ட் சுவர் முழுக்கத் தமிழ் என்று இங்கிலீஷில் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த ஐந்து எழுத்துதான். கொளுத்த வருகிறவன் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகட்டும் என்று எழுதுவது அது. முதலில் ஒரு கூட்டம் பள்ளத்தாக்குச் சனத்தின் வீடுகளைத் தேடி வந்தது. பிறகு வேறொரு கூட்டம் மலைச் சனத்தின் வீடுகளைத் தேடி வந்தது. இரண்டு கூட்டமும் என் சுவரைப் படித்தன, தாண்டிப் போயின. அந்தச் சுவருக்குள் நான் வைத்ததுதான் சட்டம். நீ தனி நிர்வாகம் தனி நிர்வாகம் என்கிறாயே, நான் ஏற்கெனவே ஒன்று நடத்தியிருக்கிறேன். அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது கூட்டம் வந்த அன்று கிம்மும் தேனுவும் அரிசி கோடவுனில் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார்கள். கடை ஷட்டரை இறக்கிப் பூட்டியிருந்தேன். தெருமுனையில் புகை. அப்போது முன்பக்கக் கேட்டில் சம்பந்தி வந்து நின்றாள். முதல் தடவையாக முன்பக்கம். அந்தக் கேட் உனக்குத் தெரியும். கீல் இறங்கிப்போனது. சும்மா தள்ளினால் அசையாது, மேலே தூக்கித் தள்ள வேண்டும். நம் வீட்டு ஆட்களுக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? தள்ளினாள், மறுபடி தள்ளினாள், தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டாள். புத்திசாலி, அவள் பாஷையில் கத்தவில்லை. கத்தினால் தெருமுனையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும் என்று தெரியும். தமிழில் கூப்பிட்டாள். மெதுவாக, "சம்பந்தி. சம்பந்தி." நான் போய்த் திறக்கக்கூட வேண்டாம். தூக்கித் தள்ளு என்று கையால் ஜாடை காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை.

காட்டியிருந்தால் அவள் முகத்தோடு உள்ளே வந்திருப்பாள். அந்த முகம் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சுவரில் எழுதியது பொய் என்று ஆகியிருக்கும். கோடவுனைத் திறந்திருப்பார்கள். இதைப் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை அந்த நாள் வந்தாலும் ஜாடை காட்ட மாட்டேன். மன்னித்துவிடு என்று நான் உன் பெண்டாட்டியிடம் கேட்பேன் என்று நீ காத்துக்கொண்டிருக்கிறாய். கேட்க மாட்டேன். கோடவுனுக்குள் இருந்து கிம் தன் அம்மா கூப்பிட்டதைக் கேட்டாள். தேனுவின் வாயைப் பொத்தியிருந்த கையை எடுக்க முடியாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். சம்பந்தி கேட்டை விட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் ஓடும்போது யாரோ எறிந்த கல் முகத்தில் பட்டது. இடது கண் போயிற்று. அவள் மகளும் பேத்தியும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டும் என் கணக்கில்தான் வரும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை நான் மறைக்கவில்லை.

இங்கே வந்த பிறகு கிம் என்னை அத்தை என்று கூப்பிட்டதில்லை. கேட்கிறவர்களிடம் 'அந்தம்மா' என்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியில் செக்கிங் வேலை செய்துகொண்டு, கூட வேலை செய்கிற பெண்களிடம் தமிழ் கற்றாள். இப்போது அவள் பேசும் மெட்ராஸ் தமிழைக் கேட்டால் திருவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனே வழிவிடுவான். வேளாவேளைக்கு எனக்குச் சோறு போடுகிறாள். சூடாகப் போடுகிறாள். கண்ணைப் பார்க்காமல் போடுகிறாள். அவள் வெறுப்பில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. உன் அன்பில்தான் ஒழுங்கு இல்லை வேலா. உன்னைக் கோழை என்று சொல்ல மாட்டேன். கோழைக்குப் பயமாவது உண்மையாக இருக்கும். உனக்கு எல்லாரும் உன்னை நல்லவன் என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் நீ, உன் அப்பாவிடம் போய் அம்மாதான் பாவம் என்பாய், என்னிடம் வந்து அப்பாதான் பாவம் என்பாய். இரண்டு பேரிடமும் மிட்டாய் வாங்குவாய். நான் அன்றைக்கே முதுகில் ஒன்று வைத்திருக்க வேண்டும். பிள்ளை சமாதானம் செய்கிறான் என்று பெருமைப்பட்டேன்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். பேனரில் என்னைப் போட்டுவிட்டாய், ஆகவே நேரில் போய்ப் பார்ப்போம் என்று நானும் வந்தேன். மண்டபம் நிறைய மலைச் சனம். ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள், வாட்ச்மேன்கள், நர்ஸ் பெண்கள், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில். பாவம், ஒவ்வொருவர் போனிலும் எரிந்த வீட்டின் படம் இருந்தது. எனக்கும் காட்டினார்கள். அவர்களுக்குள்ளேயே பல பாஷை என்பதால் பேச்சு இங்கிலீஷில் நடந்தது. சட்டம் படிக்கிற ஒரு பையன், நல்ல முகம், வரைபடத்தைத் திரையில் காட்டிப் பேசினான். நீ பக்கத்தில் நின்று என்னைப் போல வந்திருந்த மோரேத் தமிழர்களுக்காகத் தமிழில் சொன்னாய். எனக்குத் தெரிந்த சந்தை மொழியில் நானே பேசியிருப்பேன். ஆனால் அது பள்ளத்தாக்கு மொழி, அந்த மண்டபத்தில் அதைப் பேசினால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். சம்பந்தியும் நானும் பேசிய ஒரே மொழி இப்போது இரண்டு பேருமே வாயில் எடுக்க முடியாத மொழி. அதனால் தமிழில் கேட்டேன்.

"தம்பி, என் பேத்தி அங்க யாரு? அவ அம்மா உங்க ஆளு. அப்பன் இதோ மைக்கப் புடிச்சிட்டு நிக்கிறான், தமிழன். நாளைக்கி உங்க சட்டம் வந்தா அந்தப் புள்ளைக்கி அங்க நெலம் உண்டா? கடை வைக்கலாமா? ஓட்டுல நிக்கலாமா? அதச் சொல்லு."

நீ அதை இங்கிலீஷில் சொன்னாய். நான் கேட்டதைவிடக் குட்டையாகச் சொன்னாய். அந்தப் பையன் எழுந்து என்னைப் பார்த்துக் கைகூப்பி, நிதானமாக, சிரித்த முகமாக நிறையப் பேசினான். நீ திரும்பி, "உங்க பேத்தி எங்க வீட்டுப் பொண்ணு மாதிரின்னு சொல்றாரும்மா" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள்.

பின்வரிசையில் டீக் கப் தட்டோடு நின்றிருந்த கிம் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்டி சொல்லல அவுரு."

"கிம், உக்காரு."

"இன்னா உக்காரு? அவுரு இன்னா சொன்னாரோ அத்த சொல்லு. நெலம் அப்பா வழிலதான் வரும்னாரு. அப்பா வெளியாளு. அதனால பாப்பா எங்களுக்கு மரியாதைக்குரிய விருந்தாளின்னாரு. கெஸ்ட்டு, கெஸ்ட்டுன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. எனக்கு இங்கிலீஸ் தெரியாதா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல தனி நிர்வாகம் கெடைக்கட்டும்."

"கெடைக்கட்டும். எனக்கும் வோணும். எங்கம்மா கண்ணு அதுக்குத்தான் போச்சு. ஆனா அந்தம்மா கேட்டதுக்கு நீ சொன்னது பொய்யி."

பையன் உன் முகத்தையும் கிம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான். தன் சனத்துக்கு ஒரு சுவர் கட்டுகிறவன், சுவர் எங்கே நிற்கும் என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? மறைத்தவன் நீ. உன் மகள் அங்கே விருந்தாளி என்று உன் காதால் கேட்டுவிட்டு, வீட்டுப் பெண் என்று உன் வாயால் சொன்னவன் நீ. நான் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கிம் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். "எனக்காவா சொன்ன?" என்று கேட்டேன். திரும்பாமலே பதில் சொன்னாள்.

"உனுக்கோசரம் சொல்லல. பொய்யி எனக்கு ஆவாது. அவ்ளோதான்."

"அப்ப போறது உறுதியா?"

"போறேன். எங்கம்மா ஒண்டியா கீது. ஒத்தக் கண்ண வெச்சிகினு அடுப்பு மூட்டுது. அது எங்க ஊரு. யாரு ஊட்டுக் கதவுக்கும் வெளிய நின்னு நாங்க கெஞ்ச வாணாம்னுதான் தனியா கேக்குறோம். இது உனுக்கே நல்லா தெரியும்."

"தேனு?"

"அது என் பொண்ணு."

பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போ என்று உன்னிடம் கேட்கவும் மாட்டேன். நீ என்னிடம் நல்லவனாகிக்கொள்ளச் சரி என்பாய், அவளிடம் போய் வேறு சொல்வாய். அவளிடம் கேட்கவும் மாட்டேன். கொடுக்க மாட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

நீங்கள் போகப் போகிற வழியையாவது யோசித்தாயா? நீ தமிழன், விமானத்தில் இம்பாலில் இறங்கி, பள்ளத்தாக்கு வழியாக ஜீப்பில் போய்விடுவாய். கிம் அந்த வழியில் கால் வைக்க முடியாது. அவள் மிசோரம் சுற்றி மலைப் பாதையில் ஆடி ஆடிப் போக வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டுக்குப் போக இரண்டு வழி. தேனு எந்த வண்டியில் ஏறுவாள் என்று நீ என்னிடம் சொல்லவில்லை. அவளிடமே கேட்டேன். "மூஞ்சி அம்மா மாரி கீதுல்ல ஆயா, அதனால அம்மா வண்டிதான்" என்றாள். ஏதோ பஸ் நம்பர் சொல்கிற மாதிரி சொன்னாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் முகம் எந்தச் சாலையில் செல்லும் என்று தெரிந்திருக்கிறது. நான் படித்ததைவிட ஒரு வகுப்பு அதிகம் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அந்த அதிகப் படிப்பு இதுதான்.

பிறகு அவளே போனில் ஒரு படம் காட்டினாள். நம் வீடு. சம்பந்தி நிவாரண முகாமிலிருந்து வந்து இப்போது அங்கேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நீதான் என்னைக் கேட்காமல் சாவியைக் கொடுக்கச் சொன்னாய். அதில் எனக்குக் கோபம் இல்லை, இடிந்து விழுவதைவிட ஒரு ஆள் இருப்பது மேல். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் நீல எழுத்தின் மேல் வெள்ளை அடித்து, தங்கள் சனத்தின் பெயரைக் கறுப்பில் எழுதியிருக்கிறாள். என் எழுத்தைவிடப் பெரிதாக, நேராக. கீல் இறங்கிய பழைய கேட்டைக் காணோம். புதிதாகத் தகரக் கேட், ஆள் உயரத்துக்கு மேல். ஜன்னலிலிருந்து பார்த்தால் வெளியே நிற்கிறவர் முகம் தெரியாது. அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அது. கெட்டிக்காரி, நன்றாகக் கற்றிருக்கிறாள்.

பழைய கேட்டுக்காவது ஒரு வழி இருந்தது. தூக்கித் தள்ளத் தெரிந்தால் போதும். இந்தக் கேட்டுக்குச் சாவி வேண்டும். நாளைக்கு அந்தச் சுவரில் மறுபடி வேறு எழுத்து வரும் வேலா. நான் பார்த்த வரையில் எந்த எழுத்தும் சுவரில் நிலைத்ததில்லை. அப்போது அப்பன் பெயரால் ஒரு கூட்டமும் அம்மா முகத்தால் இன்னொரு கூட்டமும் என் பேத்தியைத் தேடும். அவள் ஓடி வந்து அந்தத் தகரத்தைத் தட்டுவாள். உள்ளே இருக்கிறவள் என்னைப் போல ஒருத்தியாக இருந்தால்? அந்தப் பிரதேசத்தில் என் பேத்தி விருந்தாளியாக இருந்துவிட்டுப் போகட்டும், அதை மாற்ற எனக்குச் சக்தி இல்லை. அந்த ஒரு வீட்டில் அவள் விருந்தாளியாக இருக்கக் கூடாது. விருந்தாளி தட்டிவிட்டு நிற்பாள். வீட்டுக்காரி கையில் சாவி இருக்கும்.

ஆகவே நேற்றுக் கிம்மிடம் சொன்னேன். "உங்கம்மாகிட்ட கேளு. அந்த கேட்டுக்கு ஒரு சாவி தேனு கையில குடுப்பாளா? அவ பேருக்கு, அவ கையில." கிம் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். அப்படியே நின்றபடி வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிட்டாள். நான் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொள். குரல் மட்டும் கேட்டது. கிழடு தட்டியிருக்கிறது. கிம் கேட்டாள். சம்பந்தி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"இன்னா சொல்லுச்சு தெரியுமா?" என்றாள் கிம். "'உன் மாமியாரே வரட்டும். கேட்டுக்கு வெளிய நின்னு அவளே கேக்கட்டும். குடுக்கறதா வாணாமான்னு அப்பால பாக்குறேன்.' இத்தான் சொல்லுச்சு. ஒரு வார்த்த கூட்டல, கொறைக்கல."

கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள். அதுதான் எனக்கு வேண்டியது.

வேலா, எனக்கும் ஒரு டிக்கெட் எடு. உன்னோடு விமானத்தில் வேண்டாம். கிம்மோடும் தேனுவோடும், மிசோரம் சுற்றிப் போகிற வழியில். என் முகத்துக்கு அந்தச் சாலை தேவையில்லை என்று நீ சொல்வாய். எந்தச் சாலையில் போவது என்று நான் முடிவு செய்துகொள்கிறேன். உன் பேனரில் போட்டது இப்படி உண்மையாகும் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். ஆனால் மண்ணுக்காக நான் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்கவும் போகவில்லை, அதை அவளும் எதிர்பார்க்க மாட்டாள். சாவி கேட்கப் போகிறேன்.

அங்கே போனதும் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், சும்மா இருப்பது. கிம்மைக் கடை வழியாக உள்ளே போகச் சொல். தேனு என்னோடு நிற்கட்டும். நீ முன்னால் வந்து எனக்காகக் கேட்டைத் தட்டாதே. அம்மா வயதானவள் என்று சொல்லாதே. அவள் சொல்வதை எனக்கு இனிப்பாக மாற்றிச் சொல்லாதே, நான் சொல்வதை அவளுக்கு மாற்றிச் சொல்லாதே. எங்களுக்குள் மிச்சமிருப்பது ஒரு வார்த்தை, அதை நானே சொல்லிக் கூப்பிடுவேன். அவள் உள்ளே நின்றுகொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அசையாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அப்போது நீ தேனுவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வந்த மலைப் பாதையிலேயே திரும்பு. நாற்காலியை நினைத்து ஒரு நிமிஷம்கூடத் தயங்காதே. உன் பெண்டாட்டி பின்னாலேயே வருவாள், அவள் பிள்ளையை விடுகிறவள் இல்லை.

என்னைக் கூப்பிடாதே. நான் கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன்.

அம்மா